ஷார்ஜா போகும்போது கையில் எவ்வளவு பணம், எந்தப் பணம்?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். என் கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். நானும் என் மாமியாரும் ஒரு மாத விசாவில் அவரைப் பார்க்கப் போகிறோம். கோவையிலிருந்து விமானம். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஒரு லட்சம் ரூபாயை நோட்டாகவே எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் மாமனார். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர், தன்னிடம் இருக்கும் திர்ஹமைக் கடையைவிட மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். போன விடுமுறைக்கு வந்தபோது கணவர் கொடுத்துவிட்டுப் போன 900 திர்ஹமும் என்னிடம் இருக்கிறது. எதை எடுத்துப் போகலாம், எவ்வளவு எடுத்துப் போகலாம்?

பதில்: மாமனாரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோவை விமான நிலையத்திலேயே உங்களைச் சிக்கலில் விடக்கூடியது அதுதான். இந்தியாவை விட்டு வெளியே போகும் ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் இந்திய நோட்டாக எடுத்துப் போகலாம். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் விதி வேறு, வளைகுடாவுக்கு இதுதான். நீங்கள் இருவர், ஆளுக்கு 25,000 என்றால் மொத்தம் 50,000. அதற்கு மேலுள்ள தொகையைப் பிடித்துவைக்கச் சுங்கத்துறைக்கு அதிகாரம் உண்டு.

வரம்புக்குள் எடுத்துப் போனாலும் ரூபாயை அங்கே மாற்றுவது நஷ்டம்தான். அங்குள்ள கடைக்காரர் உங்களிடம் வாங்கும் ரூபாய் நோட்டைத் திரும்ப யாரிடம் விற்பார் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவுக்கு வரும் பயணியிடம்தான் விற்க முடியும். அவருக்கும் அதே 25,000 ரூபாய் வரம்பு. ஆகவே வாங்கும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். திரும்பி வந்து இறங்கும்போது கோவையிலிருந்து வீட்டுக்கு வரக் கார் வாடகை, வழிச் செலவு என்று மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் பையில் இருந்தால் போதும். மாமனாரின் அக்கறை நியாயமானது, கையில் பணமில்லாமல் பெண்கள் இருவர் போகக்கூடாது என்று நினைக்கிறார். ஆனால் அந்தப் பணம் ரூபாயாக இருக்க வேண்டாம்.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். அவர் நல்லவராகவே இருக்கலாம். சொன்ன விலைக்கே தரவும் செய்வார். இருந்தாலும் வாங்காதீர்கள். 1999-ஆம் வருடத்து ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவரிடம் மட்டுமே வெளிநாட்டு நாணயத்தை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். அண்டை வீட்டாருக்குள் நடந்தாலும் இது மீறல்தான். விற்றவர், வாங்கியவர் இருவருமே பதில் சொல்ல வேண்டிவரும். அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். திர்ஹத்துக்கு ஐம்பது பைசா மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். மூவாயிரம் திர்ஹத்துக்கு 1,500 ரூபாய். அந்த 1,500 ரூபாய்க்காக, எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லாத நோட்டுகளை மாமியாரின் கைப்பையில் வைத்துக் குடியேற்றக் கவுண்டர் முன் நிற்க வேண்டுமா? கள்ள நோட்டு ஒன்று கலந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் இயந்திரமும் அவர் வீட்டில் இருக்காது. அவரிடம் மிச்சமிருக்கும் திர்ஹத்தை அவரே ஓர் அங்கீகாரம் பெற்ற கடையில் விற்றுக்கொள்ளலாம். அதுதான் அவருக்கும் பாதுகாப்பு.

உங்கள் கணவர் கொடுத்த 900 திர்ஹத்தின் கதை வேறு. வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவுக்கு வந்திருக்கும்போது அன்பளிப்பாகக் கொடுத்த நாணயத்தை, 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நீங்கள் வைத்திருக்கலாம். பயணத்தில் எடுத்தும் போகலாம். 2,000 டாலர் என்பது சுமார் 7,345 திர்ஹம். உங்கள் 900 அதற்குள் அடக்கம். பயப்படாமல் கொண்டு போங்கள்.

இனி, எவ்வளவு? சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு பயணத்துக்கு, ஒருவருக்கு, நோட்டாக 3,000 டாலர் மதிப்பு. அதாவது ஏறத்தாழ 11,000 திர்ஹம். அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டாகத்தான் வாங்க வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையே இல்லை. கணவர் அங்கே இருக்கிறார், தங்குமிடமும் சாப்பாடும் அவர் பொறுப்பு. ஆனால் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் அமீரகத்துக்குச் சுற்றுலா விசாவில் போன பலரிடம், உறுதிசெய்த திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்துக்கான சான்று, செலவுக்கு 3,000 திர்ஹம் ஆகியவற்றைக் காட்டச் சொன்னார்கள். காட்ட முடியாதவர்கள் சிலர் இங்கேயே விமானத்தில் ஏற்றப்படாமல் நின்றார்கள். பணத்தை நோட்டாகவோ கார்டாகவோ காட்டலாம். எல்லோரிடமும் கேட்பதில்லை. முதல் தடவை போகும் ஒருவரிடம் கேட்டால், பதில் பையில் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே என் கணக்கு ஆளுக்கு 3,000 திர்ஹம். உங்களிடம் 900 இருப்பதால் நீங்கள் 2,100 வாங்கினால் போதும். மாமியாருக்கு 3,000 வாங்குங்கள். அவரவர் பங்கை அவரவர் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் பணமும் உங்கள் பையிலேயே இருந்தால், மாமியாரைத் தனியே அழைத்துக் கேட்கும்போது அவரிடம் காட்ட எதுவும் இருக்காது. அத்துடன் கணவரின் எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை) நகல், அவர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகல், அவருடைய கைப்பேசி எண் எழுதிய தாள் ஆகியவற்றை இருவருமே வைத்திருங்கள்.

எங்கே வாங்குவது என்ற விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேரளத்தில் வளைகுடாவிலிருந்து வருவோர் கொண்டுவரும் திர்ஹமும் ரியாலும் கடைகளில் எப்போதும் கைமாறிக்கொண்டே இருக்கும். சரக்கு உள்ளூரிலேயே கிடைப்பதால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவாக இருக்கும். பாலக்காட்டிலேயே வாங்கிவிடுங்கள். கோவையிலும் நல்ல கடைகள் இருக்கின்றன. விமான நிலையக் கவுண்டரை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு போக்கிடம் இல்லாதவரிடம் என்ன விலை சொல்வார்களோ அதுதான் அங்கே விலை. ஷார்ஜாவில் இறங்கியதும் இருக்கும் கவுண்டருக்கும் இதே பேச்சுதான்.

டாலராக வாங்கிக்கொண்டு போய் அங்கே திர்ஹமாக மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று விலையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். டாலர் ஏறினால் திர்ஹமும் அதே அளவு ஏறும், இறங்கினால் அதே அளவு இறங்கும். டாலரில் வைத்திருப்பதால் ஒரு காசு லாபமும் இல்லை. மாற்றுக் கூலி மட்டும் இரண்டு தடவை போகும்.

கடைக்குப் போகும் முன், காலையில் இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்யுங்கள். “இன்று திர்ஹம் என்ன விலை?” என்று கேட்காதீர்கள். “3,000 திர்ஹத்துக்கு, வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் கொடுக்க வேண்டும்?” என்று கேளுங்கள். விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டுச் சேவைக் கட்டணத்தில் பிடிப்பவர்களின் கணக்கு இந்தக் கேள்வியில் வெளிவந்துவிடும். ஜி.எஸ்.டி. எவ்வளவு என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு, தொகையில் ஒரு சதவீதத்தை எடுத்து அதன்மேல் 18 சதவீதம். திர்ஹம் 25 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 3,000 திர்ஹம் 75,000 ரூபாய். அதில் ஒரு சதவீதம் 750, அதன்மேல் வரி 135 ரூபாய். இதற்கு மேல் வரி என்று யாராவது கேட்டால் ரசீதைக் கேளுங்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்புவோரிடம் பிடிக்கும் டி.சி.எஸ். வரிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியுமா என்று மாமனார் நிச்சயம் கேட்பார். ஒரு பயணத்துக்கான மொத்தத் தொகை 50,000 ரூபாய்க்குள் இருந்தால் முடியும். தாண்டிவிட்டால் காசோலை, கார்டு, வங்கிப் பரிமாற்றம் என்று கணக்கு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்று பிரித்து வாங்கினாலும் ஒரே பயணம் என்றால் சேர்த்துத்தான் கணக்கு. ஆகவே அந்த ஒரு லட்சத்தை வங்கியில் போட்டுவிட்டு அங்கிருந்து கொடுப்பதே நேர்வழி.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட்டோடு பான் எண்ணும் வேண்டும், அதுவும் இருவருக்கும் தனித்தனியாக. பெரியவர்கள் பலரிடம் பான் இருப்பதில்லை. கடைசி நாளில் கடைக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். மாமியாரிடம் இல்லையென்றால் இன்றே பாருங்கள். அவருடைய ஆதாரில் கைப்பேசி எண் இணைந்திருந்தால் வருமான வரித்துறையின் இணையதளத்தில் இ-பான் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

கடையில் ரிசர்வ் வங்கி உரிமத்தின் நகல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கவுண்டரிலேயே எண்ணுங்கள். கிழிந்தது, மை எழுதியது, ஊசித்துளை உள்ளது எதையும் வாங்காதீர்கள். சில்லறையாகக் கேளுங்கள். 1,000 திர்ஹம் நோட்டைக் கொடுத்தால் டாக்சிக்காரரும் சின்னக் கடைக்காரரும் என்ன செய்வார்கள்? 5, 10, 20, 50 என்று ஒரு நூற்றைம்பது திர்ஹமாவது இருக்கட்டும், மற்றவை 100, 200 ஆக இருக்கலாம். பிளாஸ்டிக் போலிருக்கும் நோட்டைக் கண்டு தயங்க வேண்டாம். 2021 முதல் அமீரகம் பாலிமர் நோட்டு வெளியிடுகிறது. பழைய காகித நோட்டும் செல்லும்.

ரசீதை நோட்டைவிட ஒரு படி மேலாகப் பத்திரப்படுத்துங்கள். வேலந்தாவளம் வழியாகப் போனாலும் வாளையார் வழியாகப் போனாலும் நீங்கள் மாநில எல்லையைத் தாண்டித்தான் கோவைக்குப் போக வேண்டும். குழல்பணம், அதாவது ஹவாலா பணம், பிடிபடும் செய்தி நம் பக்கத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது, சோதனைக்குக் காரணம் இருக்கிறது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் கொண்டுபோனால் பறக்கும் படையினர் ஆவணம் கேட்பார்கள். இல்லையென்றால் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். பிறகு அது திரும்பக் கிடைக்கலாம், ஆனால் உங்கள் விமானம் அதற்காகக் காத்திருக்காது. ரசீதின் நகல் ஒன்று வீட்டில், படம் ஒன்று கைப்பேசியில், அசல் பாஸ்போர்ட்டோடு. பணத்தை விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

கார்டு பற்றிச் சுருக்கமாக. ஒரு மாதம் கணவர் வீட்டில் தங்குவதற்குத் தனியாக ஃபாரெக்ஸ் கார்டு வாங்கத் தேவையில்லை. உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மட்டும் திறந்துவையுங்கள். 2020-க்குப் பிறகு வந்த கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வங்கிச் செயலியிலோ கிளையிலோ மாற்ற வேண்டும். அங்கே ஏ.டி.எம். “ரூபாயில் கழிக்கவா, திர்ஹத்தில் கழிக்கவா?” என்று கேட்டால் திர்ஹம் என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விலைதான். யு.பி.ஐ. அங்கே சில கடைகளில் எடுபடுகிறது என்பதை நம்பிக் கைப்பணத்தைக் குறைக்காதீர்கள்.

அமீரகத்தில் 60,000 திர்ஹத்துக்கு மேல் கொண்டுவருவோர்தான் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது வராது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: சவுதியில் அந்த எல்லை 60,000 ரியால், சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலர், அமெரிக்காவில் 10,000 டாலர். அமெரிக்காவில் ஒன்றாகப் போகும் குடும்பத்தின் பணம் முழுவதையும் சேர்த்தே பார்ப்பார்கள். இந்த அளவைத் தாண்டிக் கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம்.

நீங்கள் போகும் செய்தி தெரிந்ததும், அங்கே இருக்கும் மகனிடம் கொடுங்கள் என்று ஊரில் யாராவது ஒரு கவரை நீட்டுவார்கள். உள்ளே பணம் இருந்தால் அது உங்கள் பணமாகத்தான் எண்ணப்படும். வேறு ஏதாவது இருந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. மாமியார் மனம் இளகி வாங்கிவிடக்கூடும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

திரும்பும்போது கணவர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிடுவார். இந்தியாவுக்குள் வெளிநாட்டு நாணயம் கொண்டுவர உச்ச வரம்பு இல்லை, ஆனால் ஒருவர் கையில் நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால், அதாவது சுமார் 18,360 திர்ஹத்துக்கு மேல் போனால், இறங்கியதும் சுங்கத்தில் சி.டி.எஃப். என்ற அறிவிப்புப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நகலையும் வாங்கிய ரசீதோடு சேர்த்து வையுங்கள். மிச்சமாகும் திர்ஹத்தில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வீட்டிலேயே வைத்திருக்கலாம். அதற்கு மேலுள்ளதை, திரும்பிய 180 நாட்களுக்குள் உரிமம் பெற்ற கடையிலோ வங்கியிலோ விற்றுவிட வேண்டும்.