முதலில் முன் ஸ்பீக்கர் சோடியை மாற்றுங்கள்

தம்பி, கிளிநொச்சி வீட்டில் 5.1 ஹோம் தியேட்டரில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) பாட்டுக் கேட்டால் குரல் அமுங்குகிறது, இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவுக்குப் படிப்படியாக மாற எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல 8 ஓம் (மின்தடை அளவு) புக்செல்ஃப் ஸ்பீக்கர், அதாவது தட்டில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர், ஒரு சோடி வாங்குங்கள். ஹோம் தியேட்டரோடு வந்த ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 3, 4 ஓம். கூடிய ஓம் ஹோம் தியேட்டரின் ஆம்ப்ளிஃபயருக்குப் பாரமில்லை, சத்தம்தான் சற்றுக் குறையும். அடித்தொனி தரும் சப்வூஃபரைக் கழற்ற வேண்டாம்.

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் அப்புறம். பழைய 3 ஓம் ஸ்பீக்கரை அதில் பூட்டாதீர்கள், சூடேறிவிடும்.

சீமெந்துத் தரையா? ஸ்பீக்கருக்கு முன்னால் தடித்த போர்வையை மடித்து விரித்துப் பாருங்கள். நான் விரித்த அன்றுதான் மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விழும் தட்டு எதிரொலியில் கரையாமல் தனியாகக் கேட்டது.

ஐப்பசியில் இடி முழங்கினால் பிளக்கோடு அன்ரனா வயரையும் கழற்றுங்கள். வயரை மறந்துதான் ஒரு ஆம்ப்ளிஃபயரை இழந்தேன்.