ஆன்லைன் ஏலத்தில் சேகரிப்புப் பொம்மைகள் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பழைய பார்பி ஒன்றை வெளிநாட்டு ஏலத்தில் எடுக்கப் பார்க்கிறார். லிஸ்டிங்கில் (விற்பனை விளம்பரத்தில்) போட்டிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவருடைய சந்தேகம். நானும் சிங்கப்பூரில்தான், உட்லண்ட்ஸில் இருக்கிறேன், பதினோரு வருடமாகப் பொம்மை சேர்க்கிறேன். அதில் முதல் மூன்று வருடம் வகையாக ஏமாந்திருக்கிறேன். பதில் சொல்ல அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் கதை. "பழைய பார்பி, 1966 முத்திரை, பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது" என்று ஒரு லிஸ்டிங். விற்பவர் அமெரிக்காவில். முகம் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு படம், முதுகில் 1966 என்ற எண்ணை நெருக்கி எடுத்த ஒரு படம். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஏலம் கேட்டேன். 140 வெள்ளிக்குப் படிந்தது, அனுப்பும் செலவு 38 வெள்ளி. பார்சல் வந்ததும் பொம்மையைத் திருப்பிப் பார்த்தேன். 1966 இருந்தது, பொய்யில்லை. அந்த எண்ணுக்குக் கீழே, படத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்த இடத்தில், இன்னொரு சொல்லும் இருந்தது: மலேசியா.

இது தெரிந்தவர்களுக்கு அப்போதே சிரிப்பு வந்திருக்கும். பார்பியின் உடலில் இருக்கும் வருடம் அந்த உடல் வடிவத்துக்கு, பார்பியைச் செய்யும் மேட்டல் நிறுவனம் உரிமை பதிந்த வருடம்தான், பொம்மை தயாரான வருடம் இல்லை. இடுப்பைத் திருப்பக்கூடிய அந்த உடலுக்கு 1966 என்று பதிந்தார்கள். அதே எண் 1990-கள் வரை வந்த பொம்மைகளிலும் இருக்கிறது. உண்மையான 1966 பார்பி என்றால் ஜப்பான் என்று இருக்க வேண்டும். மலேசியாவில் பார்பி செய்யத் தொடங்கியதே 1980-களில்தான், பினாங்குப் பக்கம் பிறையில். என் வீட்டு ஜன்னலில் நின்றால் மலேசியாவின் ஜோகூர் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவளை அமெரிக்காவில் இருந்து 38 வெள்ளி கூலி கொடுத்து வரவழைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னும் அதை விடவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டார்.

ஆக, உடலில் உள்ள வருடத்தை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். தலையில் கழுத்தோரம் இன்னொரு வருடம் இருக்கலாம். உடலில் 1966, தலையில் 1976 என்றால் அந்தப் பொம்மை 1976-க்கு முன்னால் பிறந்திருக்க வழியே இல்லை. வருடம், நாடு, தலை மூன்றும் சேர்ந்துதான் கதை சொல்லும். "1959 பார்பி" என்று வரும் லிஸ்டிங்குகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. 1959 மார்ச் 9-ஆம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான அந்த முதல் அச்சுப் பொம்மைக்கு உள்ளங்காலில் துளை இருக்கும், உள்ளே செப்புக் குழாய் இருக்கும். நிறுத்திவைக்கும் பீடத்தின் கம்பிகள் அதில்தான் நுழையும். 35-ஆம் ஆண்டுக்காக 1994-இல் மேட்டலே அந்தப் பொம்மையை மறுபடி செய்து விற்றது. அதையும் "1959 பார்பி" என்றே தலைப்பிடுகிறார்கள். பாதத்தைக் காட்டாத 1959-ஐத் தாண்டிப் போய்விடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். சொல்கிற ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருந்து, மிச்சக் கதையை நாமே மனதில் எழுதிக்கொள்ளும்படி விட்டுவிடுகிற லிஸ்டிங்தான் கஷ்டம். என் விற்பனையாளர் 1966-இல் செய்த பொம்மை என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதியது நான், என் தலைக்குள்.

அதனால் தலைப்பில் சின்னச் சின்ன ஒட்டுச் சொற்களைக் கவனியுங்கள். "ஸ்டைல்", "டைப்", "மாதிரி" என்று வந்தால் அது அசல் இல்லை. ஜப்பானிய ஏலங்களில் பெயருக்குப் பின்னால் காற்றைக் குறிக்கும் சீன எழுத்து ஒட்டியிருந்தால் 'அந்தப் பாணியில்' என்று அர்த்தம். சீன எழுத்து படிக்கிற நண்பரிடம் காட்டிக் கேளுங்கள், இந்த ஊரில் அதற்கா பஞ்சம். பிளைத் என்ற பெரிய தலைப் பொம்மையில் "ஃபேக்டரி பிளைத்" என்ற சொல் வரும். தொழிற்சாலையில் இருந்து நேராக வந்தது என்று நினைத்து நானே ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டேன். உண்மையில் அது போலிக்கு வைத்த நாகரிகப் பெயர். அசல் என்றால் பெரும்பாலும் அமெரிக்காவின் கென்னர் 1972-இல் ஒரே ஒரு வருடம் செய்தது, இல்லையென்றால் 2001 முதல் ஜப்பானின் தகராவும் உரிமம் பெற்ற மற்ற நிறுவனங்களும் விற்றது. அப்புறம், "எனக்குப் பொம்மை பற்றி ஒன்றும் தெரியாது, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று எழுதியிருப்பவரின் மற்ற விற்பனைகளைத் திறந்து பாருங்கள். நாற்பது பொம்மை விற்றிருப்பார்.

விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். "பெட்டி மட்டும், பொம்மை சேராது" என்று ஆக அடியில் எழுதியிருந்ததைப் பார்க்காமல் காலிப் பெட்டிக்கு ஏலம் கேட்டவர் எங்கள் குழுவில் இருக்கிறார்.

இப்போது படங்கள். நான் பார்ப்பது எதைக் காட்டவில்லை என்பதைத்தான். முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டு எடுத்திருந்தால் காதைக் கேட்பேன். பழைய பார்பிகளின் தோட்டில் இருக்கும் உலோகம் வினைல் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காதைச் சுற்றிப் பச்சை ஏறியிருக்கும். கழுத்தில் மணிமாலையோ ரிப்பனோ கட்டியிருந்தால் கழுத்து கீறியிருக்கலாம். நீளக் கை சட்டைக்குள் விரல்கள் மறைந்திருந்தால் நாயோ குழந்தையோ கடித்திருக்கலாம். முன்பக்கப் படம் மட்டும் என்றால் பின்முடியை யாரோ ஒரு சின்னப் பெண் கத்தரித்து விளையாடியிருக்கலாம்.

படத்தில் பிடிபடாதவையும் உண்டு. பழைய வினைல் கால்கள் பிசுபிசுக்கும். உள்ளே கலந்திருக்கும் மென்மையாக்கி மெல்ல வெளியே கசிவதால் அப்படி. நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் மோசம். ஏர்கான் போடாத அறையில் வைத்திருந்த என் பொம்மை ஒன்றின் காலில் ஒரு வருடத்தில் போர்வை நூல் எல்லாம் ஒட்டிக்கொண்டது. 2000-களில் வந்த சில பொம்மைகளின் தலைக்குள் இருக்கும் பசை கசிந்து, எத்தனை தடவை அலசினாலும் எண்ணெய் வைத்த மாதிரி முடியாகிவிடும். பிசுபிசுப்பு, பசை, சிகரெட் வாடை மூன்றையும் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள், அதுவும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே. பதில் எழுத்தில் இருந்தால் பின்னால் சண்டைக்கு உதவும்.

இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்து முதுகு, பாதம், காது, பின்தலை என்று நாலு படம் கேட்பேன். நல்ல விற்பனையாளர் அலுத்துக்கொண்டாவது அனுப்புவார். "படம் எல்லாம் லிஸ்டிங்கில் இருக்கிறது" என்று பதில் வந்தால் சரி, நன்றி என்று முடித்துக்கொள்வேன். அப்படிப்பட்டவர்கள் போடும் படங்கள் பல நேரம் வேறொருவர் விற்றுமுடித்த பொம்மையின் படங்களாக இருக்கும். படத்தை வைத்துத் தேடினாலே அகப்படும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு வலை இருக்கிறது, மரப்பாச்சி. நவராத்திரி நெருங்கினால் "120 வருடச் செம்மர மரப்பாச்சி, செட்டிநாட்டு வீட்டில் இருந்து" என்று வரும். போன வருடம் கொலுவுக்காக ஒரு ஜோடியைக் கண்டேன். கறுத்து, எண்ணெய் ஊறி, பார்க்கவே பாட்டி வீட்டு வாசனை. போனை என் அத்தையிடம் காட்டினேன் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்). கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நூறு வருஷம் பிள்ளைங்க கையில கிடந்த பொம்மைக்கு மூக்கு இவ்வளவு கூரா இருக்குமா?" என்றார். அவ்வளவுதான். தேய வேண்டிய மூக்கும் கை முனையும் உளி பட்ட கூர்மையோடு இருந்தன. கறுப்பு மட்டும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே 120 வருடம் என்று சொல்லி அங்கிருந்து இங்கே தபாலில் அனுப்புகிறேன் என்பவர் ஒன்று வயதில் பொய் சொல்கிறார், இல்லையென்றால் சட்டத்தை மீறுகிறார். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

"அரிது" என்ற சொல்லுக்கு நான் காசு கொடுப்பதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்ணின் நீலக் கெபாயா உடையில் மேட்டல் 1990-களில் ஒரு பொம்மை விட்டது. இந்த ஊர் விற்பனை ஆப்பில் ஒருவர் அதை "மிக அரிது" என்று போட்ட அதே வாரம் இன்னும் மூன்று பேர் போட்டிருந்தார்கள். மலிவாகக் கேட்டவரை எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து, கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். ஒற்றைச் செருப்பு இல்லை. அவருக்கே தெரியாதாம். பத்து வெள்ளி குறைத்துக்கொண்டார். உள்ளூரில் வாங்குவதில் இந்தச் சுகம் உண்டு, கையில் எடுத்துப் பார்க்கலாம்.

விலைக்கு எப்போதும் விற்றுமுடிந்த பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். கேட்கிற விலை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கும், ஆசைக்கு அளவேது. உங்கள் உச்சவரம்பை அனுப்பும் செலவு, 9 சதவீதப் பொருள் சேவை வரி எல்லாம் சேர்த்து முன்பே ஒரு தாளில் எழுதிவிட்டு, கடைசி நிமிடங்களில் ஒரே தடவை கேளுங்கள். புதிதாகத் திறந்த கணக்கு ஒன்று உங்களோடு மட்டும் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போனால் அது விற்பவரின் மச்சானாகக்கூட இருக்கலாம், விலகிவிடுங்கள்.

தளத்துக்கு வெளியே வாருங்கள், பேநவ்வில் (வங்கிக்கு நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்புங்கள், குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். போன பணம் திரும்புவது கஷ்டம். சந்தேகமாக இருந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண் 1799-க்கு அழைத்துக் கேட்கலாம். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஈபேயில் சொன்னபடி இல்லையென்றால் பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தால் போயிற்று. என் மலேசியாக்காரி விஷயத்தில் நான் செய்தது அதுதான். விற்பவர் இங்கேயே இருந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த 1966 பார்பியைப் போன மாதம் விற்கப் போட்டேன். தலைப்பிலேயே "அச்சு வருடம் 1966, செய்தது 1980-களில், மலேசியா" என்று எழுதி, பாதம் வரை ஒன்பது படம் போட்டேன். பத்து நிமிடத்தில் முதல் செய்தி வந்தது: "அக்கா, 1966-ஆ? நிஜமாவே அவ்வளவு பழசா?"