வலப்பக்கம் அப்பா உட்காரட்டும்

கேள்வி: எனக்கு 27 வயது. பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே கார் ராலி என்றால் பைத்தியம். பத்து வருடப் பழைய ஸ்விஃப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிறு விடியற்காலையில் நண்பர்களோடு நந்தி மலைச் சாலையில் ஓட்டிப் பழகுகிறேன். எங்கள் கூட்டத்தில் என்னை யாரும் முந்தியதில்லை. ஆறு லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கி, காருக்குள் பாதுகாப்புக்கு இரும்புக் குழாய்க் கூண்டு அடித்து, அடுத்த சீசனில் தேசிய ராலியில் இறங்கலாம் என்று இருக்கிறேன். அப்பா 31 ஆண்டுகள் மாநகரப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். "ரோடு போவதற்கு, விளையாடுவதற்கு அல்ல" என்கிறார். அம்மா அழுகிறார். மாதம் ஒருமுறை பாட்டியைப் பார்க்கக் கோலார் தங்கவயலுக்குப் போகும்போதுகூட அப்பா என் கையில் ஸ்டியரிங்கைத் தருவதில்லை. நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: தம்பி, முதலில் நந்தி மலையை முடித்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 10,000 ரூபாய், ஒரு வருடம். உங்கள் அப்பா ஒரே வரியில் சொன்னதைத்தான் சட்டம் நீட்டி எழுதியிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். நந்தி மலையில் நீங்கள் பழகுவது ராலியே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. ஒரே வளைவை நூறாவது முறையாக எடுக்கிறீர்கள், அது மனப்பாடம். ராலியில் ஒரு ஸ்டேஜை, அதாவது போட்டிக்காக அடைத்த சாலைத் துண்டை, முன்கூட்டியே போய்ப் பார்க்கப் பெரும்பாலும் இரண்டு முறைதான் விடுவார்கள், அதுவும் வேகக் கட்டுப்பாட்டோடு. அந்த இரண்டு பார்வையில் எழுதிக்கொண்ட குறிப்பை நம்பி, மறுநாள் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போக வேண்டும். எதிரே பால் வண்டி வருமா என்று ஒரு கண்ணை எப்போதும் எதிர்த்திசையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு இது வராது. எதிரே பார்க்காமல் நந்தி மலையில் ஓட்டுகிறவராக இருந்தால், உங்களுக்குப் பதில் எழுதவே எனக்கு மனமில்லை.

அடுத்தது கடன். வேண்டாம். ஆறு லட்சத்தில் கார் தயாராகிவிடலாம். ராலி அதோடு முடியாது. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், டயர், முன்னோட்டம் பார்க்கப் போகும் பெட்ரோல், மெக்கானிக்குகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, ஒரு கியர்பாக்ஸ் உபரி. வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்: ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்கு ஒரு காசு தர மாட்டோம் என்று அதில் அச்சடித்தே இருக்கும். சில்வர் ஓக் மரம் ஒன்று குறுக்கே வந்தால் கார் போய்விடும், தவணை போகாது. இன்னொன்று: கூண்டு அடித்த காரில் ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் போவது ஆபத்து. சாதாரண மோதலில்கூடத் தலை போய் இரும்புக் குழாயில் அடிக்கும். பாட்டியைப் பார்க்க அந்தக் காரில் யாரை ஏற்றிக்கொண்டு போவீர்கள்?

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். கார் வருகிறது, நண்பர்கள் வருகிறார்கள், கடன் வருகிறது. பக்கத்து இருக்கையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. ராலி இரண்டு பேர் ஆட்டம். நான் 19 ஆண்டுகள் அந்த இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தவன் என்பதால் இந்தக் கோபம் கொஞ்சம் சொந்தக் கோபம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோ-டிரைவர் மடியில் வைத்திருக்கும் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "120, வலது 4 இறுகும், மேட்டின்மேல் இடது 3, வெட்டாதே." 120 மீட்டர் நேர் ரோடு. பிறகு வலப்பக்க வளைவு. எண் அதன் கூர்மையைச் சொல்கிறது. பலருடைய கணக்கில் 1 என்றால் கொண்டை ஊசிக்குப் பக்கத்தில், 6 என்றால் கிட்டத்தட்ட நேர்கோடு. போகப் போக வளைவு இறுகும், அதனால் ஆரம்பத்திலேயே உள்ளே பாயக் கூடாது. "வெட்டாதே" என்றால் உள்விளிம்பில் புல்லுக்குள் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இதை எப்போது வாசிக்கிறோம் என்பதில்தான் வித்தை. சீக்கிரம் சொன்னால் டிரைவர் மறந்துவிடுவார். அரை வினாடி தாமதித்தால் கல்லைத் தாண்டியபின் கல்லைப் பற்றிச் சொன்ன கதைதான். குலுங்குகிற காரில் குனிந்து வாசிக்க முதலில் வயிறு சம்மதிக்க வேண்டும். எனக்குச் சம்மதிக்க ஒரு வருடம் ஆனது. இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாமல் ஏறுவதைத் தவிர வேறு மருந்து நான் கண்டதில்லை. காசர்கோட்டு மூசா ஷெரீஃப் ஸ்டியரிங்கைத் தொடாமலே, கோ-டிரைவராகவே தேசியப் பட்டங்களை வென்றவர். கௌரவ் கில் 2019இல் அர்ஜுனா விருது வாங்கியபோது, அது மோட்டார் விளையாட்டுக்கு வந்த முதல் அர்ஜுனா. அந்த ஓட்டங்களில் அவர் பக்கத்தில் நோட்டு வாசித்தவர்களைப் பத்திரிகைப் படங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. நீங்கள் இடப்பக்கம் உட்காருங்கள். வலப்பக்கம் உங்கள் அப்பா உட்காரட்டும்.

சிரிக்காதீர்கள். வேக ராலி ஒன்றுதான் ராலி என்று நினைத்திருக்கிறீர்கள். டி.எஸ்.டி. என்று இன்னொரு வகை உண்டு. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கட்டிப்போட்டு விளையாடுவது. திறந்த சாலையில், சாலை விதிகளுக்கு உட்பட்டு, அமைப்பாளர் சொன்ன சராசரி வேகத்தில் ஓட்ட வேண்டும். சாதாரண கார் போதும், கூண்டு வேண்டாம். வழியில் எங்கோ ஒரு மரத்தடியில் கடிகாரத்தோடு ஆள் உட்கார்ந்திருப்பார். எங்கே என்று சொல்ல மாட்டார்கள். தாமதமாக வந்தால் தண்டனைப் புள்ளி. சீக்கிரம் வந்தாலும் தண்டனை, பல போட்டிகளில் இரண்டு மடங்கு. முந்துகிறவனை அடிக்கும் பந்தயம் இது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 வினாடி. 6.04க்குக் கிளம்பி 7.4 கிலோமீட்டர் போக 740 வினாடி, அதாவது 6 மணி 16 நிமிடம் 20 வினாடிக்கு அங்கே இருக்க வேண்டும். நடுவில் ரயில்வே கேட்டில் 40 வினாடி போய்விட்டது. வேகத்தை 45க்கு ஏற்றினால் கிலோமீட்டருக்கு 80 வினாடி, 20 வினாடி மிச்சம். இரண்டு கிலோமீட்டரில் கடன் தீர்ந்தது, மறுபடி 36. இதற்குள் இன்னொரு வம்பு. உங்கள் காரின் தூரக் கணக்கும் அமைப்பாளரின் தூரக் கணக்கும் ஒன்றாக இராது. அவருடைய 10 கிலோமீட்டருக்கு உங்கள் மீட்டர் 10.2 காட்டினால், அதைத் திருத்தாமல் போகிறவர் 7.4 கிலோமீட்டருக்குள்ளேயே ஏறக்குறைய 15 வினாடி பிந்திவிடுவார். முதலில் ஒரு சோதனைத் தூரம் கொடுப்பது இதற்காகத்தான்.

கணக்குப் போடும் வேலை மென்பொருள்காரரான உங்களுக்கு. "அப்பா, 45இல் இரண்டு கிலோமீட்டர், பிறகு 36" என்று சொன்னால், முள்ளை அசையாமல் 45இல் நிறுத்தி, பிரேக்கை மிதித்து ஆளை ஆட்டாமல், மாட்டு வண்டியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிற ஒருவர் வலப்பக்கம் வேண்டும். 31 ஆண்டுகள் பெங்களூர் நெரிசலில் டிரிப் ஷீட்டை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டியவரைவிட அதற்கு யார் பொருத்தம்? இந்த ஊரில் பந்தயக் கையுறை போட்ட எத்தனையோ பேர் 36இல் ஒரு கிலோமீட்டர் நிலையாகப் போக முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் முதல் டி.எஸ்.டி.யை நினைத்தால் இன்றும் கூசும். கணக்கெல்லாம் சரி, வழி சரி. ஆனால் கைக்கடிகாரத்தை அமைப்பாளரின் கடிகாரத்தோடு ஒத்துப்பார்க்க மறந்துவிட்டேன். என்னுடையது 40 வினாடி வேகம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மிகத் துல்லியமாக 40 வினாடி முன்னதாகப் போய் நின்றோம். மாலையில் பட்டியல் ஒட்டியபோது டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குப் பிறகு இரண்டு கடிகாரம் கட்டாமல் நான் காரில் ஏறியதில்லை.

இந்தப் பழக்கம் வீண்போகாது. வேக ராலியிலும் ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொன்றுக்குச் சாதாரணப் போக்குவரத்தோடு போய், குறித்த நிமிடத்தில் சாவடியில் நேரம் குறிக்கும் அட்டையை நீட்ட வேண்டும். உலக அளவிலான விதிப்படி ஒரு நிமிடம் பிந்தினால் 10 வினாடி தண்டனை. ஒரு நிமிடம் முந்தினால் முழு 60 வினாடி. ஸ்டேஜில் உயிரைக் கொடுத்துச் சேர்த்த 12 வினாடியை, சாவடியில் ஒரு பொறுமையில்லாத கோ-டிரைவர் ஐந்து மடங்காகத் தொலைக்கலாம்.

அதுவரை போட்டிகளைப் போய்ப் பாருங்கள். கர்நாடகா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கே-1000 உங்கள் ஊர்ப் போட்டி. சிக்கமகளூரின் காப்பித் தோட்டச் சாலைகள் சில மணி நேரப் பயணம். சாலையை அடைக்கும் முன்பே போய்விட வேண்டும். கடைசி வண்டி கடக்கும்வரை வெளியேற முடியாது. தண்ணீர், சாப்பாடு கையோடு. வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது, பிடிப்பு விட்ட கார் அங்கேதான் வரும். உட்பக்கமாக, ரோட்டைவிட உயரமான மேட்டில், மார்ஷல் (பாதையைக் காக்கும் போட்டித் தொண்டர்) காட்டிய இடத்தில் நில்லுங்கள். குறுக்கே போகாதீர்கள். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் பகுதியில், அடைத்த ஸ்டேஜுக்குள் பைக்கில் வந்துவிட்ட ஒரே குடும்பத்தின் மூன்று பேர் இறந்தார்கள்.

பார்க்கும்போது செல்போனில் வீடியோ எடுக்காமல் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு பலா மரத்திலிருந்து கல்வெர்ட்டு வரை என்று இரண்டு அடையாளம் வைத்து, ஒவ்வொரு காருக்கும் நேரம் எடுங்கள். பின்பக்கத்தைச் சீறவிட்டு, செம்மண்ணை வாரி இறைத்து, கூட்டத்திடம் கைத்தட்டல் வாங்கிய கார் பெரும்பாலும் உங்கள் தாளில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். யாரும் கவனிக்காத ஒரு கார், வளைவுக்குமுன் கொஞ்சம் சீக்கிரமே பிரேக் பிடித்து, எந்தக் கூத்தும் காட்டாமல் போனதே, அதுதான் முதலில் நிற்கும். ஒரு நாள் இப்படிக் குறித்தால் நந்தி மலை தானாகவே கசந்துபோகும்.

அதைவிட நல்லது, மார்ஷலாகச் சேர்வது. கிளப்புகளுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, ஒரு மேலங்கியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து, ஏதாவது ஒரு முனையில் நிறுத்துவார்கள். கவிழ்ந்த காருக்குள்ளிருந்து வெளியே வந்தவர் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? சிவப்பு முக்கோணத்தை, மற்ற கார்கள் வரும் திசையில், கார் கிடக்கும் இடத்துக்குக் குறைந்தது 50 மீட்டர் முன்பாகவே கொண்டுபோய் வைத்துவிட்டு, பின்னால் வருகிறவருக்கு ஓர் அட்டையைக் காட்டுவது. பச்சை ஓ.கே. என்றால் அவர் போகலாம். சிவப்பு எஸ்.ஓ.எஸ். என்றால், பட்டத்துக்காக ஓடுகிறவராக இருந்தாலும் நின்று உதவ வேண்டும். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். அவர் அழுவது நந்தி மலையை நினைத்து என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே அட்டையும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை.

வேக ராலி ஆசை அதற்குப் பிறகும் இருந்தால், இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் எடுங்கள், மருத்துவச் சான்று கேட்பார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காரை வெட்டுவதற்குமுன், ஏற்கெனவே கார் வைத்திருக்கும் ஒருவருக்கு இடப்பக்கம் உட்காரக் கேளுங்கள். நல்ல டிரைவர்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். நோட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

வீட்டில் இருக்கும் நாளில் கென்யாவின் சஃபாரி ராலியைப் பாருங்கள். நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் நாடு, தூக்கம் கெடாது. 1953இல் தொடங்கிய அந்தப் போட்டியை ஐந்து முறை வென்றவர் இந்திய வம்சாவளியில் வந்த ஷேகர் மேத்தா. 1973இல் அவரும் இன்னொருவரும் ஒரே தண்டனைக் கணக்கில் முடித்தார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சேற்றிலும் புழுதியிலும் ஓடி, கடைசியில் சமம்! அப்பாவிடம் இதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

அடுத்த தங்கவயல் பயணத்தில் சாவியைக் கேட்காதீர்கள். ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டு இடப்பக்கம் ஏறுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம்: வருகிற இடத்தில் புள்ளி, போகிற பக்கத்தில் அம்பு, ஓரத்தில் தூரம். நெதர்லாந்தின் டூலிப் ராலியில் பிறந்த முறை என்பதால் இதற்கு டூலிப் படம் என்று பெயர். திரும்பி வரும்போது அப்பா எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருப்பார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நோட்டை மடித்து அவர் சட்டைப்பையில் வையுங்கள். வீடு வந்ததும் பிரித்துப் பார்க்கட்டும். அம்மா பழைய மெட்ராஸ் ரோட்டில் காப்பிக்கு நிறுத்தச் சொல்வார். அந்த 20 நிமிடத்தைக் கழித்துவிடுங்கள்.