சில்வர்ஸ்டோன் 2013: தம்பி சொல்வது பாதிதான் சரி

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 2013இல் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் டயர்கள் வெடித்ததற்கு, அவற்றைச் செய்து கொடுத்த பிரெல்லி நிறுவனம் மட்டுமே பொறுப்பு என்று உங்கள் தம்பி வாதிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஏற்கவில்லை. ஹாமில்டன், மாஸா, வெர்ன், பெரெஸ் என்ற ஓட்டுநர்கள் நால்வருக்கும் போனது இடது பின்சக்கர டயர். வலப்பக்கத்துக்கென்று செய்த டயரை இடப்பக்கம் மாட்டியது, பரிந்துரைத்ததைவிடக் காற்றைக் குறைத்தது, சக்கரத்தை அளவு மீறிச் சாய்த்தது எல்லாம் அணிகளின் முடிவுகள். வேகத்துக்காகத் தெரிந்தே எடுத்தவை! டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டைக்குப் பதிலாகக் கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழைப் பட்டைக்கு மாறலாம் என்று பிரெல்லி முன்பே கேட்டபோது சில அணிகள் சம்மதிக்கவும் இல்லை.

ஆனால் இடம் மாற்றி மாட்டுவதைத் தடுக்காமல் விட்டது பிரெல்லியின் தவறுதான். அங்கே உங்கள் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. அடுத்த வாரமே ஜெர்மனியில் அது தடைசெய்யப்பட்டது. பின்சக்கரங்களுக்குக் கெவ்லர் டயரும் வந்தது.