வாகனம் கேள்வி-பதில்: எரிந்து அணையும் சிவப்பு விளக்கு

கேள்வி: எங்கள் பெட்ரோல் காருக்கு எட்டு வயதாகிறது. போடிமெட்டு மலைப்பாதையில் வளைவுகளில் திரும்பும்போது, எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்துவிடுகிறது. சமவெளியில் எரிவதே இல்லை. அணைந்துவிடுவதால் கவலைப்பட வேண்டாம் என்கிறார் நண்பர். சரியா? (வாசகர், தேனி)

பதில்: நண்பர் சொன்னதைக் கேட்டு இன்னொரு முறை மலையேறிவிடாதீர்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. இன்ஜினின் அடித்தொட்டியில் ஆயில் குறைந்திருக்கும்போது, கூர்மையான வளைவில் மிச்சமுள்ள ஆயிலும் ஒருபக்கமாக ஒதுங்கிவிடுகிறது. பம்பின் உறிஞ்சு வாய் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. அழுத்தம் விழுந்து விளக்கு எரிகிறது. சாலை நேரானதும் ஆயில் திரும்பி வந்துவிடுவதால் விளக்கு அணைகிறதே தவிர, குறை அப்படியேதான் இருக்கிறது. அந்த ஒரு நொடியில் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் தடம் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் குறைவாக இருந்தால், கையேட்டில் சொல்லியுள்ள ரக ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேல்குறியைத் தாண்ட வேண்டாம். எட்டு வயதான வண்டி என்பதால், குறைந்த ஆயில் கசிகிறதா, எரிந்து புகையாகப் போகிறதா என்பதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், கேஜ் பொருத்தி அழுத்தத்தை அளந்து பார்க்காமல் "சென்சார் கோளாறுதான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஓட்டத்தில் அது அணையாமல் எரிந்தால், பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப் வரை உருட்டிப் பார்ப்போம் என்ற எண்ணமே கூடாது. நிறுத்தி, இழுவை வண்டியை அழைக்க வேண்டும். ஆனால் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பிவிடாதீர்கள்: இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் ஓரிரு மிதிகளுக்குப் பிறகு கட்டையாகிவிடும். வளைவைக் கடந்து, ஓரமாக நின்று, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே அணையுங்கள்.

கேள்வி: இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியதும் அணைந்தது. மூன்றே நாளில் மறுபடி எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. (வாசகி, கும்பகோணம்)

பதில்: பல கார்களில் வயரைக் கழற்றினால், கணினி பதிந்து வைத்த பிழைக் குறியீடு அழிந்துவிடும், பழுது அழியாது. எந்தப் பாகம் என்று காட்டிக்கொடுத்திருக்கும் ஒரே தடயத்தையும் அவர் துடைத்துவிட்டார் என்பதுதான் எனக்கு வருத்தம். இப்போது மறுபடி பதிந்திருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டி, அந்தக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறியீடு ஆக்ஸிஜன் சென்சாரைச் சுட்டினாலும், அந்த இணைப்பு வயரைச் சோதிக்காமல் புதிய சென்சார் வாங்க வேண்டாம்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, இழுவையும் சத்தமும் வழக்கம்போல் இருந்தால், நிதானமாக ஓட்டிச் சென்று ஓரிரு நாளில் காட்டலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அதன் உள்ளடுக்கு உருகினால் செலவு பெரிது. ஸ்பார்க் பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியும் விளக்கு மின்னுவது நிற்காவிட்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

வண்டி வாங்கிய அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறக்காத நாம், கையேட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிப்பதே இல்லை. உங்கள் வண்டியின் விளக்குகள் அத்தனைக்கும் அதில் விளக்கம் உண்டு.

கேள்வி: பேட்டரி புதியது. ஆனாலும் ஓடும்போது பேட்டரி விளக்கு எரிகிறதே? (வாசகர், விருதுநகர்)

பதில்: அது பேட்டரியைக் குறை சொல்லவில்லை, சார்ஜ் ஏறவில்லை என்கிறது. ஓட்டத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரோ, அதைச் சுழற்றும் பெல்ட்டோ காரணமாகலாம். நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். அறுந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். சில இன்ஜின்களில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுழல்கிறது, சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும். பெல்ட் நன்றாக இருந்தால் ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள். வழியில் இன்ஜினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.