ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கிவிட்டால் அந்தக் கருவி கடைக்கு வந்துவிடுமா?

வந்தே தீரும் என்று இல்லை. காப்புரிமை என்பது ஒரு புதிய கண்டுபிடிப்பை நம் அனுமதியில்லாமல் வேறு யாரும் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமை, பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு. முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை (அமெரிக்காவே 2013இல்தான் இந்த முறைக்கு மாறியது), அதனால் கருவியைச் செய்து பார்ப்பதற்கு முன்பே, யோசனை காகிதத்தில் தெளிவானதுமே கம்பெனிகள் ஓடிப்போய் விண்ணப்பித்துவிடுகின்றன. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதேதான். துண்டு போட்டவர் அந்த பஸ்ஸில் போயே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

2012இல் சோனிக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரு காப்புரிமையைப் பாருங்கள். டிவியில் விளம்பரம் ஓடும்போது பிராண்டின் பெயரை உரக்கச் சொன்னால் விளம்பரம் முடிந்துவிடுமாம்! வரைபடத்தில் ஒருவர் டிவி முன்னால் எழுந்து நின்று “மெக்டொனால்ட்ஸ்” என்று கத்துகிறார். எனக்கு அது பிடிக்காத யோசனை, நல்லவேளை அப்படி ஒரு டிவி விற்பனைக்கு வரவில்லை.

அப்புறம், காப்புரிமை கிடைத்தால் அதைத் தயாரித்து விற்க அரசே அனுமதி தந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, அதே கருவிக்குள் இன்னொருவரின் காப்புரிமை இருந்தால் அவரிடமும் அனுமதி வாங்க வேண்டும்.