ஏரிக்கடியில் இருக்கும் நினைவு மணிக்கு அனுமதிப்பத்திரம் விற்கிறார்களா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் கணவர் கப்பலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவிலுள்ள சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் நினைவு மணியைப் பார்க்க ஆசைப்படுகிறார். மகன் கனடியக் குடிமகன், டொரொன்டோவில் இருக்கிறான். கனடா விசா, படகு, சுழியோட அனுமதி எல்லாம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

1975 நவம்பர் 10ஆம் திகதி அந்தக் கப்பல் புயலில் மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள், ஒருவருடைய உடலும் மீட்கப்படவில்லை. 1995இல் குடும்பங்கள் கேட்டுக்கொண்டபடி மணியை மேலே எடுத்து, 29 பெயர்களும் பொறித்த வேறொரு மணியை அங்கே வைத்தார்கள். கிடப்பது ஏறக்குறைய 160 மீற்றர் ஆழத்தில். பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களுக்கு எல்லையே 40 மீற்றர்தான். போதாததற்கு, கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசின் அனுமதியில்லாமல் அங்கே சுழியோடவும் முடியாது. அது 29 பேரின் கல்லறை. முகவரின் பற்றுச்சீட்டை வாங்கிப் பாருங்கள்: “சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது” என்று இருக்கும். படகு பற்றி ஓர் எழுத்தும் இருக்காது.

சரி, உங்கள் கணவர் எதைப் பார்க்கலாம்? மேலே எடுத்த அசல் மணியை. அது ஒய்ட்ஃபிஷ் பொயின்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மே முதல் ஒக்டோபர் வரை திறந்திருக்கும். ஆனால் அந்த இடம் அமெரிக்காவின் மிச்சிகனில்! முகவர்கள் இதைச் சொல்வதேயில்லை. மகன் போய்வந்துவிடுவார். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா தனியாக வேண்டும். ஒரே ஏரிக்கு இரண்டு விசா, இரண்டு கட்டணம், இரண்டு தடவை கைரேகை. வயதானவர்களை ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அப்புறம் இன்னொரு மிரட்டல் வரும்: “அமெரிக்கா போனால் உங்கள் கனடா விசா முடிந்துவிடும், திரும்ப இன்னொன்று எடுக்க வேண்டும்.” அப்படியில்லை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தாலும், கனடாவிலிருந்து நேராக அமெரிக்கா போய், கனடாவில் தங்க அனுமதித்த காலம் முடியுமுன் நேராகத் திரும்பினால் புது விசா தேவையில்லை. நேராக என்பதுதான் முக்கியம். இடையில் வேறொரு நாட்டுக்குப் போனால் இது பொருந்தாது. தங்கும் காலம் தாண்டினாலும் பொருந்தாது.

கனடா விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே நிரப்பலாம், மகனும் உதவலாம். கட்டணம் 100 கனடிய டொலர், கைரேகைக்கு 85. முகவர் நிரப்பும் படிவத்தில் இல்லாத வங்கிக் கணக்கோ வேலையோ புகுந்தால் ஐந்து வருடத் தடை வரலாம். அது அவருக்கு அல்ல, கையெழுத்துப் போட்ட உங்களுக்கு.

கடவுச்சீட்டுகளை ஏற்கனவே அவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.